உழையிருந்தான் கடன்: குறையுள்ள நிறுவனத்தோடு ஒட்டியிருப்பது பற்றி

என் அத்தை வட சென்னையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தார். ஆண்டுதோறும் மாணவர் சேர்க்கை நடக்கும் மே, ஜூன் மாதங்களில் கட்டட நிதி என்ற பெயரில் பெற்றோரிடம் ஒரு தொகை வாங்குவார்கள். அதில் பாதிக்கு ரசீது உண்டு; மீதிப் பாதி எந்தப் பேரேட்டிலும் ஏறாது. அத்தைக்கு அது தெரியும். தாளாளரிடம் இரண்டு முறை நேரில் போய்ச் சொல்லியும் இருக்கிறார். முதல் முறை தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாம் முறை தேநீரும் இல்லை. ஆனாலும் ஓய்வு பெறும் நாள்வரை அவர் அந்தப் பள்ளியிலேயே இருந்தார். எங்கள் குடும்பத்தில் இதைப் பற்றி இன்றும் இரண்டு கட்சி உண்டு. மனசாட்சி உறுத்தியிருந்தால் வேலையை விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்பார் சித்தப்பா. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாமல் இருந்தாளே, அதுவே பெரிது என்பார் பாட்டி.

குறை இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்த பிறகும் ஒரு நிறுவனத்தோடு ஒட்டியிருப்பவரை எப்படிப் புரிந்துகொள்வது என்பதுதான் இருவருக்கும் இடையிலான வழக்கு. கட்சி, கோயில் நிர்வாகம், தொழிற்சங்கம், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம், சபா, பத்திரிகை அலுவலகம் என்று மனிதர் கூடி நடத்தும் எதற்குள்ளும் இந்த வழக்கு ஒருநாள் வந்தே தீரும். இதைச் சிந்திக்கச் சமூக அறிவியலில் ஓர் எளிய கருவி இருக்கிறது. அதையும், அது நம் மொழியில் வந்து உட்காரும்போது எங்கே முரண்டு பிடிக்கிறது என்பதையும் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970இல் வெளியிட்ட சிறு நூலில் இந்தக் கருவியைத் தந்தார். அவர் 1915இல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்து, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். 1940இல் பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் இருந்துகொண்டு, நாஜிகளிடமிருந்து தப்ப முயன்ற அகதிகளை எல்லை கடத்தி அனுப்பும் இரகசிய வேலையில் பங்கெடுத்தவர். ஓரிடத்தை விட்டுப் போவது என்றால் என்ன என்பதை ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவர் இல்லை.

ஒரு நிறுவனம் தரம் கெடும்போது அதைச் சேர்ந்தவர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன என்கிறார் அவர். ஒன்று, விலகிப் போவது. மற்றொன்று, உள்ளேயிருந்து குரல் கொடுப்பது. கடையில் வாங்கும் அரிசி சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகிறோம்; வீட்டில் குழம்பு சரியில்லை என்றால் வாய்விட்டுச் சொல்கிறோம். சந்தையைப் படிக்கும் பொருளியலார் முதலாவதை மட்டும் பார்த்தார்கள், அரசியலைப் படிப்பவர்கள் இரண்டாவதை மட்டும் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று பார்த்ததுதான் ஹிர்ஷ்மனின் சாதனை.

அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது நைஜீரியாவில். அந்நாட்டு ரயில்வே மோசமாக நடந்துகொண்டிருந்தது. வடக்கே விளையும் வேர்க்கடலையைத் தொலைவிலுள்ள துறைமுகங்களுக்குக் கொண்டுசெல்ல ரயிலே மலிவான வழி, இருந்தும் வியாபாரிகள் லாரிக்கு மாறினார்கள். போட்டி வந்தால் ரயில்வே விழித்துக்கொள்ளும் என்பது பாடநூல் சொல்லும் கணக்கு. ஆனால் ரயில்வே விழிக்கவில்லை. காரணம் எளியது. நேரத்துக்குச் சரக்கு போகாவிட்டால் கூச்சல் போடக்கூடிய பெரிய வாடிக்கையாளர்கள்தான் முதலில் லாரிக்குப் போனார்கள். கூச்சல் போடுகிறவர்கள் போய்விட்டதால் நிர்வாகத்துக்கு நிம்மதி கிடைத்தது. நட்டத்தை அரசு ஈடுகட்டிக்கொண்டிருந்தது.

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க நைஜீரியாவரை போக வேண்டியதில்லை. நம்மிடமும் லாரிக்கதை உண்டு. 2019 கோடையில் பூண்டி, செங்குன்றம், சோழவரம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டிய நிலை வந்தபோது, பணம் இருந்த குடியிருப்புகள் தனியார் லாரித் தண்ணீரையும் கேன் தண்ணீரையும் வாங்கின, இல்லாதவர்கள் குடத்தோடு தெருவில் நின்றார்கள். அதிகாரிகளைத் தொலைபேசியில் பிடிக்கவும், மனு எழுதவும், வழக்குப் போடவும் வசதியும் பழக்கமும் உள்ளவர்கள் எப்போதோ தெருக்குழாயிலிருந்து விலகிவிட்டிருந்தார்கள். மாநகராட்சிப் பள்ளிகளுக்கு நடந்ததும் இதுதான். ஆசிரியர் ஏன் வரவில்லை என்று தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்து கேட்கக்கூடிய பெற்றோர் தம் பிள்ளைகளை மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு மாற்றினார்கள். குறை கேட்க ஆள் குறைந்த பள்ளியில் குறை பெருகியது. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தபோது, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்று விதித்ததைப் போய்விட்ட குரலுக்கு ஒரு நாற்காலி போடும் முயற்சியாகத்தான் நான் பார்க்கிறேன்.

இங்கேதான் மூன்றாவது சொல் வருகிறது: பற்று. தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறவர்களே முதலில் விலகிவிடுவார்கள் என்றால், நிறுவனங்கள் திருந்தவே வாய்ப்பில்லை. அவர்களைச் சற்றுக் காலம் பிடித்து வைத்திருக்கும் ஏதோ ஒன்று தேவை. அந்த ஏதோ ஒன்றைத்தான் ஹிர்ஷ்மன் பற்று என்கிறார். ஆகவே அவருடைய பொருளில் பற்று என்பது கண்ணை மூடிக்கொள்வதாகாது. குறையைப் பார்த்த பிறகும், இது நம் இடம், இது சரியாகலாம் என்று தங்கி, பேசிப் பார்ப்பதற்கான அவகாசம் அது. தங்குகிறவர் என்றைக்காவது போய்விடக்கூடும் என்ற அச்சம் நிர்வாகத்துக்கு இருந்தால்தான் அந்தப் பேச்சுக்குப் பல் இருக்கும் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். ஒருபோதும் போகமாட்டார் என்று தெரிந்த ஒருவரின் எதிர்ப்பைக் கேட்டுக்கொண்டிருப்பதில் யாருக்கும் சிரமம் இல்லை.

இந்தக் கருத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரும்போது ஓர் இடைஞ்சல் இருக்கிறது. நம் மொழியில் விசுவாசத்தைப் பற்றிய சொற்களில் பெரும்பாலானவை சாப்பாட்டிலிருந்து வந்தவை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை, உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினையாதே, செஞ்சோற்றுக் கடன். சோறு போட்டவருக்கும் உண்டவருக்கும் இடையிலான உறவு தனி மனிதருக்கும் தனி மனிதருக்கும் உரியது. அந்தக் கடனைத் தீர்க்க முடியுமே தவிர, பேரம் பேச முடியாது.

இந்த உறவின் உச்சத்தைக் கம்பர் கும்பகருணனிடம் வைத்தார். இராவணனின் மந்திராலோசனையில் அவனைப்போலக் கடுமையாகப் பேசியவர் குறைவு. பிறன் மனைவியைச் சிறையில் அடைப்போம், மாசற்ற புகழையும் விரும்புவோம், பேசுவது மானம், பேணுவது காமம், கூசுவது மானிடரைக் கண்டு, நன்றாக இருக்கிறது நம் கொற்றம் என்று அண்ணனை நேருக்கு நேர் இடித்துரைக்கிறான். பின்பு போர்க்களத்தில் வீடணன் தேடி வந்து இராமன் பக்கம் வந்துவிடு என்று அழைக்கும்போது, நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலமும் செய்து அனுப்பியவனுக்கு உயிர் கொடுக்காமல் அங்கே வரமாட்டேன் என்று மறுத்துவிடுகிறான். தலைவன் தீமையை நினைத்தால் திருத்த முடியுமானால் திருத்த வேண்டும், முடியாவிட்டால் அவனுக்கு முன்னால் போரிட்டுச் சாவதே ‘உண்டவர்க்கு உரியது’ என்பது அவன் வாதம். வீடணனை அவன் துரோகி என்று ஏசவில்லை, நீ இங்கே நிற்காதே, இராமனிடமே போ என்றுதான் அனுப்புகிறான். இந்த இடத்தைப் படித்துவிட்டுக் கண் கலங்காத தமிழ் வாசகரை நான் பார்த்ததில்லை. ஆனால் ஹிர்ஷ்மனின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் ஒன்று தெரிகிறது: தம்பி எவ்வளவு இடித்துரைத்தாலும் கடைசியில் தனக்காகவே சாவான் என்று இராவணனுக்குத் தெரியும். அதனால் அந்த அரிய பேச்சு இலங்கையில் எதையும் மாற்றவில்லை.

அண்ணனுக்காகச் சாவது வேறு, அலுவலகத்துக்காக அப்படி நிற்பது வேறு. இந்த வேறுபாடு வள்ளுவருக்குத் தெரிந்திருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. படைவீரனுக்கு அவர் சொல்வது, தன்னைக் காத்தவன் கண்ணில் நீர் மல்கும்படி சாகக் கிடைத்தால், அந்தச் சாவு இரந்தாவது பெறத் தக்கது என்பது. அது செஞ்சோற்றுக் கடனின் மொழி. அமைச்சனிடம் வரும்போது கணக்கு மாறுகிறது. ‘அறிகொன்று அறியான் எனினும் உறுதி உழையிருந்தான் கூறல் கடன்’ என்பது 638ஆம் குறள். சொல்பவரின் அறிவை மதிக்காமல் தள்ளி, தானும் அறியாத அரசனாக இருந்தாலும், பக்கத்தில் இருப்பவன் உறுதியானதை எடுத்துச் சொல்வது அவன் கடன். இரண்டு இடத்திலும் கடன் உண்டு. ஒருவனுடையது உயிரால் தீர்வது, மற்றவனுடையது சொல்லால் தீர்வது. நம்மில் மிகப் பெரும்பாலோர் நிறுவனங்களில் இருப்பது அமைச்சன் இருக்கும் இடத்தில்தான், அதாவது கோப்பு, கணக்கு, பாடம், மருந்து, செய்தி ஆகியவற்றின் பக்கத்தில். நாமோ படைவீரனின் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறோம்.

அத்தையின் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்குச் சம்பளம் தருவது அரசு, அதாவது வரி செலுத்துகிற பொதுமக்கள். தாளாளர் தன் கையிலிருந்து ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. ஆனாலும் பாட்டி முதல் பள்ளிக் காவலாளி வரை எல்லோரும் உப்பிட்டவர் என்று சொன்னது தாளாளரைத்தான். உப்பு யாருடையது என்று கேட்டுப் பார்த்தாலே பல விசுவாசங்கள் முகவரி மாறிவிடும்.

விலகலுக்கும் அடங்கிப் போவதற்கும் நடுவில் வேறு நிலைகளும் இருக்கின்றன. வில்லிபுத்தூராரின் பாரதத்தில் விதுரனைத் துரியோதனன் சபையில் இழித்துப் பேசியதும், விதுரன் தன் வில்லை ஒடித்துப் போடுகிறான். அவன் பாண்டவர் பக்கம் போகவில்லை, ஆனால் இந்தப் போருக்கு இனி என் கை உதவாது என்று சொல்லிவிடுகிறான். அவன் கை உதவாமல் போனதால் கௌரவர்க்கு விளைந்த நட்டம் சிறியதும் அன்று. இன்றைய அலுவலகத்தில் இதற்கு இணையானது, பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட மறுப்பது, தவறான அறிக்கையைத் தட்டச்சு செய்ய மறுப்பது. வேலையை விடாமலே செய்யக்கூடிய விலகல் இது. இதற்குப் பெரும்பாலும் பாராட்டு கிடைக்காது, ஆனால் இடமாற்றம் கிடைக்கும்.

குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு விலகியவருக்கும், அதே அறையில் அதே நாளில் தங்கியவருக்கும் தமிழ்நாட்டு வரலாற்றில் தெளிவான எடுத்துக்காட்டு 1925இல் காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாநாடு. பெரியார் ஈ.வெ.ரா. அப்போது மாநிலக் காங்கிரசின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். வகுப்புவாரி பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்காகக் கட்சிக்குள் பல ஆண்டுகள் போராடியவர். காங்கிரஸ் நிதி பெற்ற சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவருக்கும் மற்றவருக்கும் தனித்தனியாகச் சாப்பாடு போடப்பட்டதை எதிர்த்துக் குரல் எழுப்பியவர். காஞ்சிபுரத்தில் அவர் தீர்மானம் ஏற்கப்படாதபோது அவர் வெளியேறினார். மாநாட்டுக்குத் தலைமை தாங்கித் தீர்மானத்தை அனுமதிக்க மறுத்தவர், அவருடைய நண்பரான திரு.வி.க. அவர் கட்சியிலேயே தங்கினார். இருவரில் ஒருவரை வீரர் என்றும் மற்றவரைக் கோழை என்றும் சொல்வது எளிது, ஆனால் 1918இல் பெரம்பூர்ப் பகுதி ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரைக் கோழை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பெரியாரின் விலகல் ஏன் அவ்வளவு ஓசையோடு கேட்டது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அவர் பல ஆண்டுகள் உள்ளேயிருந்து பேசியிருந்தார். முதல் சறுக்கலிலேயே போயிருந்தால் அது ஒரு மனிதர் கட்சி மாறிய செய்தியாக மட்டும் இருந்திருக்கும்.

தங்குவதில் உள்ள ஆபத்துகளில் மிக நுட்பமானது, எதிர்ப்பாளரை நிறுவனம் வளர்ப்புப் பிராணியாக்கிக்கொள்வது. வியட்நாம் போரின்போது அமெரிக்க அரசில் ஜார்ஜ் பால் என்ற உயர் அதிகாரி போரை விரிவாக்க வேண்டாம் என்று தொடர்ந்து வாதிட்டார். நாளடைவில் அவருக்கு எதிர்த்துப் பேசுபவர் என்ற ஒரு பாத்திரமே ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் பேச, மற்றவர்கள் மரியாதையாகக் கேட்க, பிறகு போர் விரிவடைந்தது. மாற்றுக் கருத்தையும் கேட்டுவிட்டோம் என்ற திருப்தி கூட்டத்துக்கு, என் கடமையைச் செய்துவிட்டேன் என்ற திருப்தி அவருக்கு. அவர் 1966இல் பதவி விலகினார். ஹிர்ஷ்மன் இந்த வகை மனிதர்களைப் பற்றி எழுதும்போது சற்றுக் கடுமையாகவே எழுதுகிறார். நம் ஊர் அலுவலகங்களிலும் இப்படி ஒருவர் உண்டு. அவர் பேச எழுந்ததும் மற்றவர்கள் சிரித்துக்கொண்டே கைப்பேசியை எடுப்பார்கள்.

இதற்கு எதிர்ப்புறத்தில், குரலை நிறுவனமே எழுத்தில் பதிவு செய்யும் ஏற்பாடுகள் இருக்கின்றன. நீதிமன்றத்தின் மாறுபட்ட தீர்ப்பு அப்படிப்பட்டது. நெருக்கடி நிலையின்போது 1976 ஏப்ரலில், சட்டவிரோதமாகச் சிறை வைக்கப்பட்டவர் நீதிமன்றத்தை அணுகும் உரிமையை இடைநிறுத்தி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வில் நால்வர் தீர்ப்பளிக்க, நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதிப் பதவி அவருக்கு இளையவரான மற்றொருவருக்குப் போனது; அப்போது அவர் விலகினார். 2017இல் அந்தரங்க உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய பெரும்பான்மைத் தீர்ப்பைத் தவறென்று ஒதுக்கியது. கன்னா 1976இலேயே ராஜினாமா செய்திருந்தால், 41 ஆண்டுகள் கழித்து எடுத்துப் படிக்க அந்தப் பக்கங்கள் இருந்திருக்கா.

விலகல் எப்போதும் முற்போக்கின் ஆயுதம் என்று நினைத்துவிடக் கூடாது. மார்கழிக் கச்சேரிகளின் நகரமான சென்னையில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, டிசம்பர் சீசனில் இனிப் பாடுவதில்லை என்று 2015இல் அறிவித்தார். 2024இல் மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருதை அறிவித்தபோது, அதை ஏற்க முடியாத வேறு சில கலைஞர்கள் அகாதெமியின் நிகழ்ச்சிகளிலிருந்து விலகுவதாக அறிவித்தார்கள். நேர் எதிரான இரண்டு நம்பிக்கைகளுக்கு ஒரே கதவுதான் பயன்பட்டது.

அந்தக் கதவு எல்லோருக்கும் ஒரே அகலத்தில் இல்லை என்பதையும் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்வது நல்லது. பெயர் பெற்ற கலைஞர் ஒரு மேடையை விட்டால் வேறு மேடை கிடைக்கும். 1918இல் ஆலைத் தொழிலாளிக்கு வேறு ஆலை கிடைப்பது அரிது, அதனால்தான் சங்கம் தேவைப்பட்டது. விலக முடியாதவர்களின் குரலைச் சேர்த்துக் கட்டிய கயிறு அது. அத்தைக்கு நாற்பது வயதில் கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள், வேலையை ராஜினாமா செய்தால் அதுவரை செய்த பணிக்காலம் ஓய்வூதியக் கணக்கிலிருந்து போய்விடும். மனசாட்சியைப் பற்றிப் பேசும் சித்தப்பாவுக்குச் சொந்தமாகக் கடை இருந்தது.

இதனால் தங்குகிறவர் எல்லோரும் தப்பித்தார்கள் என்று ஆகிவிடாது. தங்குவதற்கு நாம் சொல்லிக்கொள்ளும் காரணங்களில் மிகவும் சந்தேகிக்க வேண்டியது, நான் போனால் என்னைவிட மோசமானவர் வந்துவிடுவார் என்பது. சில சமயம் அது உண்மைதான். ஆனால் நிறுவனம் எவ்வளவு கெடுகிறதோ அவ்வளவுக்கு அந்தக் காரணம் வலுப்பெறும் என்பதால், எந்தக் கட்டத்திலும் போக வேண்டிய தேவையே வராது. அந்தக் காரணத்தைச் சொல்கிறவர் கடந்த ஓராண்டில் எதைத் தடுத்தார், எதைத் தாமதப்படுத்தினார், யாரை எச்சரித்தார் என்று தன்னையே கேட்டுப் பார்க்கலாம். பதில் ஒன்றும் இல்லை என்றால், அவர் அங்கே இருப்பதால் நிறுவனத்துக்குக் கிடைப்பது அவருடைய நல்ல பெயர் மட்டுமே. நாணயமானவர் என்று ஊர் அறிந்த ஒருவர் முன்மேசையில் உட்கார்ந்திருப்பது சில நிர்வாகங்களுக்குச் சம்பளத்துக்கு மேல் மதிப்புள்ள சொத்து.

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மாலை, திருவொற்றியூர் வீட்டுத் திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தையிடம் இதையெல்லாம் சுற்றி வளைத்துக் கேட்டேன். இரண்டாம் முறை தாளாளரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அந்தப் பேரேட்டைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டதாகவும், அது பக்கத்து மேசைக்குப் போனதாகவும், பதினோரு ஆண்டுகள் அந்த மேசைக்கு அருகிலேயே தான் உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னார்.

“அப்புறம் நீங்க ஒண்ணுமே செய்யலையா அத்தை?”

“பணம் கட்ட வர்றவங்க ஜன்னல்கிட்ட நிப்பாங்க இல்ல, அவங்ககிட்ட மெதுவாச் சொல்லுவேன், முழுசுக்கும் ரசீது கேளுங்கன்னு.”

“கேட்டாங்களா?”

“ஒரு நாலஞ்சு பேர் கேட்டாங்க, அவங்களுக்குக் கொடுத்துத்தான் ஆகணும்னு கொடுத்தாங்க. மீதிப் பேரெல்லாம், பரவாயில்லைங்க மேடம், சீட்டு கிடைச்சாப் போதும்னுட்டாங்க,” என்று சொல்லிவிட்டுக் கீரைத் தண்டைத் தனியே எடுத்து வைத்தார்.